மடை மாறும் நேரம்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டபின், தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் அமைந்துள்ள அனுமந்தன்பட்டி போன்ற பேரூர்களில், அதுவரை அலுவலகங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் மட்டுமே காணக்கிடைத்த கணினி, உழவர் வீடுகளுக்குள்ளும் கூலித்தொழிலாளர் வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புகளில் படித்தவர்களுக்கும், கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கொள்முதல் செய்து வழங்கப்பட்ட முதற்கட்டக் கருவிகளில் பெரும்பாலும் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் இருந்தன. விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் அவற்றில் இடம்பெற்றிருந்தது.

அக்கருவிகளில் இன்றும் இயங்கிக்கொண்டிருப்பவற்றைப் பற்றி அவற்றை வைத்திருப்போர் சொல்லும் குறை ஏறத்தாழ ஒன்றே: பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் “சுத்திக்கிட்டே இருக்கு”. கருவிக்கு வயதாகிவிட்டது, அதனால் தளர்ந்துவிட்டது என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். ஆனால் சிலிக்கான் சில்லு மனித உடலைப்போலத் தளர்வதில்லை. 2011ஆம் ஆண்டில் நொடிக்கு 200 கோடி துடிப்புகளில் இயங்கிய மையச் செயலகம் இன்றும் அதே எண்ணிக்கையில்தான் துடிக்கிறது. விசிறியில் தூசி அடைந்து வெப்பம் ஏறினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதுண்டு, அது தனிக்கதை. பெரும்பாலான கருவிகளில் மெதுவாக இருப்பது மையச் செயலகம் அன்று. அது எதற்காகக் காத்திருக்கிறதோ அந்தச் சேமிப்பகம். காரணம் தெரியாமல் இத்தனை கருவிகள் பரணில் ஏற்றப்பட்டதும் பழைய இரும்புக் கடைக்குப் போனதும் வருத்தத்துக்குரியது.

வன்தட்டு என்பது காந்தப்படலம் பூசப்பட்ட வட்டத்தகடு. மடிக்கணினிகளில் இது பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது. விட்டம் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர். ஒரு மின்னோடி இதனை நிமிடத்துக்கு 5,400 முறை சுழற்ற, தட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது கம்பம் சாலையில் ஓடும் பேருந்தின் வேகத்தில், சுற்றிக்கொண்டிருக்கும். தட்டின்மேல், பழைய இசைத்தட்டுக் கருவியின் ஊசிக்கை போன்ற ஒரு கையும், அதன் நுனியில் காந்தக் குறிகளை எழுதவும் வாசிக்கவும் வல்ல தலையும் அமைந்துள்ளன. இசைத்தட்டின் ஊசி தட்டைத் தொட்டு உரசும். வன்தட்டின் தலையோ சுழற்சியால் எழும் மெல்லிய காற்றுப்படலத்தின்மீது, தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில், தொடாமல் மிதந்து செல்லும். தட்டின்மேல் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரையப்பட்டிருப்பதாகக் கொண்டால் அவ்வட்டங்களே தடங்கள். ஓர் அங்குல அகலத்துக்குள் இலட்சத்துக்கும் மேற்பட்ட தடங்கள் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொரு தடமும் செக்டார் எனப்படும் சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். பழைய தட்டுகளில் ஒரு செக்டார் 512 பைட்டு கொள்ளும்.

ஏதேனும் ஒரு கோப்பின் ஒரு துண்டு வேண்டுமென மையச் செயலகம் கேட்டால் இரண்டு காத்திருப்புகள் நிகழ்கின்றன. முதலாவது, தலை இப்போது இருக்கும் தடத்திலிருந்து வேண்டிய தடத்துக்குக் கை நகர்ந்து நிலைபெற ஆகும் தேடுநேரம். மடிக்கணினித் தட்டுகளில் இது சராசரியாக 12 மில்லிநொடி, அதாவது நொடியின் ஆயிரத்தில் 12 பங்கு. இரண்டாவது, சரியான தடத்தை அடைந்தபின் வேண்டிய செக்டார் சுழன்று தலைக்குக் கீழே வரும்வரை ஆகும் சுழற்சித் தாமதம். ஒரு முழுச்சுற்றுக்கு 11.1 மில்லிநொடி ஆவதால் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 5.5 மில்லிநொடி, காத்திருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 17.5 மில்லிநொடி. அத்துண்டை உண்மையில் வாசிக்க ஆகும் நேரமோ இதனோடு ஒப்பிட எண்ணத்தக்கதன்று.

பதினேழரை மில்லிநொடி என்பது மனிதனுக்குக் கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவு. மையச் செயலகத்துக்கு அது எவ்வளவு பெரிய காலம் என்பதை உணர, அதன் ஒரு துடிப்பை ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளலாம். நினைவகத்திலிருந்து ஒரு தரவைப் பெற அதற்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். வன்தட்டிலிருந்து அதே தரவைப் பெற மூன்றரைக் கோடி நொடி, அதாவது ஓர் ஆண்டும் நாற்பது நாளும் ஆகும். ஒரு செக்டாரைக் கேட்டுவிட்டு அடுத்த ஆண்டு வரை கைகட்டி நிற்பவனை மெத்தனக்காரன் என்று சொல்வது நியாயமாகாது.

கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவிப்போருக்கு இந்த நிலை புதிதன்று. முல்லைப்பெரியாற்று நீர் வாய்க்காலில் வந்து, ஒரு மடை திறக்கப்பட்டு வயலுக்குள் பாயத் தொடங்கிவிட்டால், அடுத்தடுத்த வயல்களுக்கு நீர் விரைவாகப் போய்ச்சேரும். வரப்பை வெட்டிவிட்டால் போதும். ஆனால் இந்த மடையை அடைத்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து, வாய்க்காலின் மறுகோடியிலுள்ள வேறொரு மடையைத் திறந்து, நீர் அங்கு வரும்வரை நிற்க வேண்டியிருந்தால், பாயும் நீரின் அளவு எதுவாயினும் நடக்கும் நேரமும் நிற்கும் நேரமும் மாறுவதில்லை. ஒரு குடம் நீருக்காக மடை மாற்றினாலும் ஓர் ஏக்கருக்காக மாற்றினாலும் அந்த அலைச்சல் ஒன்றே. வன்தட்டில் தடம் மாறுவது மடை மாறுவதுதான். பழைய கணினியின் தாமதத்தில் பெரும்பகுதி, ஒரு குடம் நீருக்காக ஆயிரம் மடை மாறும் அலைச்சலிலிருந்து பிறப்பது.

இதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு மிஞ்சுகிறது. 320 ஜிபி தட்டு முழுவதையும் முதற்செக்டாரிலிருந்து கடைசிச் செக்டார் வரை வரிசையாக வாசித்தால், நொடிக்கு 70 எம்பி என்ற வேகத்தில், ஒன்றேகால் மணிநேரத்தில் முடிந்துவிடும். அதே தட்டை, அதே அளவு தரவை, நான்கு கேபி கொண்ட சிறு துண்டுகளாகச் சிதறிய வரிசையில் வாசித்தால், ஏழு கோடியே எண்பது இலட்சம் துண்டுகளுக்கும் தலா 17.5 மில்லிநொடி வீதம் ஏறத்தாழ 16 நாள் ஆகும். வன்தட்டுப் பெட்டியின்மேல் அச்சிடப்படும் வேகம் முதற்கணக்குக்கு உரியது. வீட்டில் கணினியைத் தொடங்குபவர் அனுபவிப்பது இரண்டாம் கணக்குக்கு நெருங்கியது. ஏனெனில் இயங்குதளம் தொடங்கும்போது ஒரு பெரிய கோப்பை வாசிப்பதில்லை. தட்டெங்கும் பரவிக்கிடக்கும் பல்லாயிரம் சிறு கோப்புகளைத் தேடித்தேடி வாசிக்கிறது. அவ்வாறு பத்தாயிரம் சிறு வாசிப்புகள் தேவைப்பட்டால் அதற்கே மூன்று நிமிடம் போய்விடும்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கும் பலரையும் குழப்பும் ஒரு காட்சிக்கும் இதுவே விளக்கம். அங்கே வட்டின் பயன்பாடு 100 விழுக்காடு எனச் சிவந்திருக்கும். பக்கத்திலேயே தரவு நகரும் வேகம் நொடிக்கு அரை எம்பி, ஒரு எம்பி என்று மிகச் சிறிதாக இருக்கும். நூறு விழுக்காடு என்பது தட்டு நிறையத் தரவைத் தந்துகொண்டிருக்கிறது என்ற பொருளைத் தருவதன்று. ஒரு கணமும் ஓய்வின்றி அலைந்துகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். நொடிக்கு 57 சிறு வாசிப்புகளே செய்ய இயலும் தட்டு, தலா நான்கு கேபி வீதம் தரக்கூடியது கால் எம்பிக்கும் குறைவு.

இந்த அலைச்சலைக் குறைக்கப் பொறியாளர்கள் முயலாமல் இல்லை. ஆனால் இயற்பியல் இடங்கொடுக்கவில்லை. ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்ட ராமாக் என்ற முதல் வன்தட்டுக் கருவியில், இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. அது ஐம்பது இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. ஒரு தரவைத் தேடியெடுக்கச் சராசரியாக 600 மில்லிநொடி எடுத்துக்கொண்டது. 55 ஆண்டுகளுக்குப்பின் அனுமந்தன்பட்டியில் ஒரு மாணவியின் பையில் இருந்த தட்டு அதைப்போல் 85,000 மடங்கு தரவைக் கொண்டது. தேடியெடுக்கும் விரைவோ 34 மடங்கு மட்டுமே கூடியிருந்தது. கொள்ளளவு பெருகக் குறிகளை மேலும் மேலும் நுண்மையாக எழுதினால் போதும். விரைவு பெருக, எடையுள்ள ஒரு கையை இன்னும் வேகமாக அசைத்து நிறுத்தவும், தட்டை இன்னும் வேகமாகச் சுழற்றவும் வேண்டும். அதற்கு மின்சாரமும் வெப்பமும் இரைச்சலும் விலையாகும். மேசைக் கணினித் தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 சுற்றும், பெரிய வழங்கிகளின் தட்டுகள் சில 15,000 சுற்றும் எட்டியதோடு அவ்வோட்டம் நின்றுபோயிற்று. களஞ்சியம் மலையளவு வளர்ந்தது; அதிலிருந்து அள்ளித்தரும் கையோ ஏறத்தாழ அப்படியே இருந்தது.

எனினும் ஒரு தந்திரம் உதவியது. தேனியிலிருந்து குமுளிக்குச் செல்லும் பேருந்து, சின்னமனூர், உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி, கம்பம், கூடலூர் என்று வழியிலுள்ள நிறுத்தங்களில் வரிசைப்படி ஆட்களை இறக்கி ஏற்றிச் செல்கிறதே தவிர, முதலில் சீட்டு வாங்கியவர் கூடலூர்க்காரர் என்பதற்காக அவரை முதலில் அங்கே இறக்கிவிட்டுப் பின்னோக்கி வந்து சின்னமனூர்க்காரரை இறக்குவதில்லை. இயங்குதளங்களும், சாட்டா என்ற இணைப்பு வகைத் தட்டுகளின் உள்ளேயுள்ள சுற்றுகளும் இதையே செய்கின்றன: காத்திருக்கும் வேண்டுதல்களைக் கேட்ட வரிசையில் நிறைவேற்றாமல், தலை ஒரு திசையில் போகும் வழியில் எவை எவை எதிர்ப்படுகின்றனவோ அவற்றை அந்த ஒழுங்கில் முடிக்கின்றன. ஆனால் பேருந்து முறை பயன்படப் பயணிகள் பலர் ஒரே நேரத்தில் ஏறியிருக்க வேண்டும். ஒரு துண்டை வாசித்தபின்தான் அடுத்த துண்டு எங்கிருக்கிறது என்பதே தெரியவரும் வேலைகளில், ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனிப் பேருந்து விட்டாற்போல, இத்தந்திரம் கைகொடுப்பதில்லை.

புதிதாக இருந்தபோது இத்தட்டு ஏன் இவ்வளவு துன்புறுத்தவில்லை என்ற கேள்வி இயல்பாக எழும். காரணங்களுள் ஒன்று தட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. வட்டத்தின் வெளித்தடம் நீளமானது, உள்தடம் குறுகியது. ஆகவே வெளித்தடத்தில் செக்டார்கள் மிகுதியாக அமையும், ஒரே சுற்றில் மிகுதியான தரவு தலையைக் கடக்கும். தட்டு பொதுவாக வெளியிலிருந்து உள்நோக்கி நிரம்புவதால், முதலில் எழுதப்பட்டவை வேகமான பகுதியிலும், தட்டு நிறைந்தபின் எழுதப்பட்டவை ஏறத்தாழ அரைவேகமே உள்ள உட்பகுதியிலும் அமைகின்றன. தலை கடக்க வேண்டிய தொலைவும் விரிந்துவிடுகிறது. மற்றொன்று கோப்புகளின் சிதறல். பாட்டனார் காலத்தில் ஒரே பட்டாவில் ஒன்றாக இருந்த நிலம், பாகப்பிரிவினைகளுக்குப்பின் ஊரின் நான்கு மூலைகளிலும் துண்டுதுண்டாகக் கிடப்பதுபோல, கோப்புகள் அழிக்கப்பட்டும் மீண்டும் எழுதப்பட்டும் வரும் தட்டில், புதிய பெரிய கோப்புக்குத் தொடர்ந்த இடம் கிடைக்காமல், கிடைத்த இடைவெளிகளில் அது துண்டாடப்பட்டு வைக்கப்படுகிறது. விண்டோஸ் 7 இதைச் சீர்செய்யும் பணியைப் புதன்கிழமைதோறும் இரவு ஒரு மணிக்கு வைத்திருந்தது. அந்நேரத்தில் அணைந்திருக்கும் வீட்டுக் கணினியில் அப்பணி தள்ளிப்போவதுண்டு. எனினும் சிதறல் என்பது மெத்தனத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் மிகைப்படுத்தப்பட்ட ஒன்று. தட்டில் ஐந்தில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்குமானால் அதன் தீமை பெரிதாவதில்லை.

உண்மையில் பெருங்கேடு விளைவிப்பது நினைவகப் பற்றாக்குறையே. அது தட்டின் குற்றம் அன்று. ஆயினும் அதன் சுமை முழுவதும் தட்டின்மேல்தான் விழுகிறது. இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள்களுக்குத் தேவையான இடம் நினைவகத்தில் இல்லாதபோது, இயங்குதளம் அப்போதைக்குப் பயன்படாத பகுதிகளை நான்கு கேபி கொண்ட பக்கங்களாக எடுத்து வன்தட்டில் ஒரு மூலையில் எழுதிவைத்து, வேண்டும்போது திரும்ப வாசித்துக்கொள்ளும். இடமாற்று எனப்படும் இவ்வேற்பாடு சிறுகச்சிறுக நடந்தால் நன்மையே. ஆனால் 2011இல் 2 ஜிபி போதுமென்றிருந்த நிலை இன்று இல்லை. ஓர் உலாவியில் நாலைந்து பக்கங்களைத் திறந்தாலே அந்த அளவு தீர்ந்துவிடுகிறது. அதற்குமேல் நச்சுநிரல் தடுப்பு மென்பொருளும் தானியங்கிப் புதுப்பித்தலும் பின்னணியில் ஓடினால், ஒன்றுக்கு இடம்தர மற்றொன்றை வெளியேற்றி, உடனே வெளியேற்றியதை மறுபடி உள்ளே அழைத்து, அதற்காக இன்னொன்றை வெளியேற்றி, கணினி தன் நேரமனைத்தையும் இந்த ஏற்றியிறக்கலிலேயே செலவிடுகிறது.

இந்நிலையைப் பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்கக் கணினி அறிவியலாளர் 1968இலேயே ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு குறிப்பிட்ட காலத்தில் கையருகே இருந்தே தீரவேண்டிய பக்கங்களின் தொகுதி ஒன்று உண்டு என்பதும், எல்லா மென்பொருள்களின் அத்தொகுதிகளும் சேர்ந்து நினைவகத்தைவிடப் பெரிதாகும் கணத்தில் கணினியின் செயல்திறன் படிப்படியாகக் குறையாமல் திடீரெனச் சரிந்து விழும் என்பதும் அவர் ஆய்வின் சாரம். அச்சரிவின் ஆழம் மடை மாறும் நேரத்தால் நிர்ணயிக்கப்படுகிறது. நூறு எம்பி அளவுள்ள பக்கங்கள் தட்டில் சிதறிக்கிடந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வரவேண்டுமானால், மிக மோசமான நிலையில், ஏழு நிமிடம் ஆகும். திரையில் சுட்டி அசையாமல் நிற்க, உள்ளே தட்டு மட்டும் ‘கிறுகிறு’ என்று ஒலித்துக்கொண்டிருக்கும் அந்த நிமிடங்களில் நடப்பது இதுதான். முதற்கட்டக் கருவிகளில் விண்டோஸ் 10ஐ நிறுவியவர்கள் கண்ட ஏமாற்றத்துக்கும் இதுவே பெருங்காரணம்.

இன்னும் பழைய கணினிகளில், அதாவது 2000களின் முற்பகுதியில் வாங்கப்பட்டு ஊர்ப்புற அலுவலகங்களிலும் கணினிப் பயிற்சி மையங்களிலும் நீண்டகாலம் உழைத்த மேசைக் கணினிகளில், வேறொரு நோயும் இருந்தது. ஐடிஇ எனப்படும் தட்டையான நாடா போன்ற வடத்தால் இணைக்கப்பட்ட அத்தட்டுகளில் தரவை நினைவகத்துக்குக் கொண்டுசேர்க்க இருவழிகள் உண்டு. ஒன்றில், தட்டின் கட்டுப்பாட்டுச் சுற்று மையச் செயலகத்தைத் தொந்தரவு செய்யாமல் தானே நேரடியாக நினைவகத்தில் எழுதும், இது டிஎம்ஏ. மற்றொன்றில், மையச் செயலகமே இரண்டிரண்டு பைட்டாக வாங்கி நினைவகத்தில் வைக்கும்; இது பிஐஓ. பின்னது, திராட்சைத் தோட்டத்துக்காரர் விலைபேசுவதையும் கணக்கெழுதுவதையும் விட்டுவிட்டு, சுமைதூக்கும் ஆட்கள் அருகிலிருக்க, தாமே பெட்டிகளைத் தலையில் சுமந்து வண்டியில் ஏற்றுவதற்கு ஒப்பானது. பிஐஓவின் உச்சவேகம் நொடிக்கு 16.7 எம்பி, டிஎம்ஏவின் பிற்கால வகைகளுக்கு 100, 133 எம்பி.

விண்டோஸ் எக்ஸ்பி, தரவு கடத்துவதில் ஆறு பிழைகள் சேர்ந்துவிட்டால் தட்டின் வழித்தட வேகத்தை ஒருபடி குறைக்கும். இவ்வாறு படிப்படியாக இறங்கி இறுதியில் பிஐஓவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். தளர்ந்த வடம், 80 கம்பி தேவைப்படும் இடத்தில் மாட்டப்பட்ட பழைய 40 கம்பி வடம் ஆகியவை தோற்றுவித்த பிழைகளாகவும் அவை இருக்கக்கூடும். காரணம் நீங்கியபின்னும் கணினி பழைய வேகத்துக்குத் தானாகத் திரும்பாது. சாதன மேலாளரில் அந்த ஐடிஇ வழியை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தாலே, அது மீண்டும் டிஎம்ஏவில் இயங்கத் தொடங்கிவிடும். லினக்ஸில் எச்டிபார்ம் என்ற சிறு கட்டளையால் இந்நிலையை அறியவும் மாற்றவும் இயலும். ஐந்து நிமிட வேலையில் தீரக்கூடிய இக்குறைக்காகவே கழித்துக்கட்டப்பட்ட கணினிகள் உண்டு.

செக்டாரின் அளவு மாறியதும் ஒரு தொல்லையைக் கொண்டுவந்தது. 2011ஆம் ஆண்டை ஒட்டி உற்பத்தியாளர்கள் 512 பைட்டு செக்டாரைக் கைவிட்டு நான்கு கேபி செக்டாருக்கு மாறினர். பழைய இயங்குதளங்களுக்காக, வெளியே மட்டும் எட்டுச் சிறு செக்டார்கள் இருப்பதுபோல அத்தட்டுகள் காட்டிக்கொண்டன. எக்ஸ்பியோ தன் பகுதியை 63ஆம் எண் செக்டாரில் தொடங்கும் வழக்கமுடையது. 63 எட்டால் வகுபடாத எண்ணாதலால், அது எழுதும் ஒவ்வொரு நான்கு கேபி துண்டும் தட்டிலுள்ள உண்மையான செக்டார்கள் இரண்டின்மேல் பிரிந்து படிந்தது. அப்படி எழுதவேண்டுமானால் தட்டு அவ்விரண்டையும் முதலில் வாசித்து, உரிய பகுதியை மாற்றி, மறுசுற்று வரும்வரை 11 மில்லிநொடி காத்திருந்து எழுதவேண்டும். பழுதான தட்டுக்குப் பதிலாகப் புதுத்தட்டு வாங்கி மாட்டிய பிறகும் எழுதும் வேகம் முன்னிலும் குறைந்துபோன விந்தை இப்படித்தான் நேர்ந்தது. விஸ்டாவும் அதற்குப் பின்வந்தவையும் ஒரு எம்பி எல்லையில் தொடங்கியதால் இத்தொல்லை நீங்கியது.

எழுதுதல் என்பது பொதுவாகவே வாசித்தலைவிடப் பொறுப்பு மிகுந்த செயல். ஒரு வரவுசெலவுக் கணக்கில் ஒரே எண்ணை மாற்றிச் சேமித்தாலும், கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்திலும், அதன் அளவும் நேரமும் பற்றிய குறிப்பு வேறோரிடத்திலும், ‘இம்மாற்றம் செய்யப்படுகிறது’ என்ற முன்பதிவு மூன்றாமிடத்திலும் எழுதப்பட, தலை மூன்று மடைகளுக்கு நடக்கிறது. இடையில் மின்சாரம் போனாலும் தட்டு குழம்பிப்போகாமல் காப்பதற்கே அந்த முன்பதிவு. 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்கள் நாளொன்றுக்குப் பத்து மணிநேரத்துக்கும் மேலான மின்வெட்டை அனுபவித்தன. மின்கலம் தேய்ந்துபோன மடிக்கணினி ஒவ்வொரு வெட்டிலும் சட்டென அணைந்தது. அந்நொடியில் நிகழும் ஒன்று பொறியியலின் அழகுக்குச் சான்று: மின்சாரம் அற்றுப்போனதும், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் விசையே மின்னோடியை மின்னாக்கியாக மாற்றி, அதில் பிறக்கும் சிறிதளவு மின்சாரத்தால் தலை பாதுகாப்பான இடத்துக்கு இழுத்துக்கொள்ளப்படுகிறது. தட்டு காயப்படாமல் தப்பும். ஆனால் இடைத்தாங்கியில் எழுதக் காத்திருந்த தரவு தப்பாது. அடுத்தமுறை தொடங்கும்போது முன்பதிவைச் சரிபார்க்கவும் சிலவேளை தட்டு முழுவதையும் சோதிக்கவும் ஆகும் நேரம் வேறு.

மேற்கூறியவை யாவும் உடல்நலமுள்ள தட்டின் மெத்தனங்கள். தட்டே நோயுற்றிருக்கும்போது தோன்றும் மெத்தனம் வேறுவகையானது. அதைப் பிரித்தறிவது மிக இன்றியமையாதது. ஒரு செக்டாரிலுள்ள காந்தக் குறி மங்கினாலோ கீறப்பட்டாலோ, தட்டு உடனே தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. தலையை நூலிழை அப்படியும் இப்படியும் நகர்த்தி, சுற்றுக்குச் சுற்று மீண்டும் மீண்டும் வாசிக்க முயல்கிறது. ஒரே செக்டாருக்காகப் பல நொடிகள் இவ்வாறு கழியக்கூடும். அதுவரை கணினி முழுவதும் உறைந்து நிற்கும். எப்போதும் ஒரே சீராக மெதுவாக இருக்கும் கணினி பெரும்பாலும் நினைவகப் பசியால் வாடுவது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே குறிப்பிட்ட சில கோப்புகளைத் தொட்டவுடன் உறைந்துபோய், சிறிதுநேரம் கழித்து ஏதும் நடவாததுபோல மீளும் கணினி பெரும்பாலும் சாகத் தொடங்கிய தட்டைச் சுமப்பது.

தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே பதிவுசெய்துவைக்கும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு உண்டு. மாற்றிடம் தரப்பட்ட செக்டார்கள் எத்தனை, வாசிக்க இயலாமல் நிலுவையில் நிற்பவை எத்தனை என்ற எண்களை இலவச மென்பொருள்கள் வழியே எவரும் பார்க்கலாம். கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், சோதனையில் முதல் பிழை தென்பட்ட தட்டு அடுத்த 60 நாளுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைவிட 39 மடங்கு மிகுதி என்று கண்டனர். வெப்பத்துக்கும் செயலிழப்புக்கும் பலரும் எண்ணுமளவு நெருங்கிய தொடர்பு இல்லை என்றும், மிகுந்த வெப்பமும் முதிர்ந்த வயதும் சேரும்போதே அத்தொடர்பு புலப்படுகிறது என்றும் அக்கட்டுரை கூறியது. ஆகவே சித்திரை வெயிலைக் காரணம் காட்டி நிலுவைச் செக்டார்களைப் புறக்கணிப்பது தவறு.

பழுதுபார்க்கும் கடைகளில் இத்தனை காரணங்களுக்கும் ஒரே மருந்தாகத் தரப்படுவது “ஃபார்மேட் அடிப்பது”. தட்டைத் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் கோப்புகள் வெளித்தடங்களில் தொடர்ச்சியாக அமையும், பின்னணி மென்பொருள்கள் நீங்கும். எனவே சில மாதங்களுக்குக் கணினி விரைந்தோடுவது உண்மையே. ஆனால் மடை மாறும் நேரம் ஒரு மில்லிநொடியும் குறைவதில்லை; நினைவகம் கூடுவதில்லை; நோயுற்ற தட்டு குணமாவதில்லை. உள்ளிருந்த தரவு மட்டும் போய்விடுகிறது. காரணத்தைக் கண்டறியாமல் தரப்படும் இம்மருந்து நன்மையைவிடத் தீமையையே மிகுதியாகச் செய்கிறது.

பொருத்தமான மருந்து இப்போது எளிதாகக் கிடைக்கிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி வைக்கும் சில்லுகளில் தரவு இருப்பதால் எந்தத் துண்டைக் கேட்டாலும் ஏறத்தாழ நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் கிடைத்துவிடுகிறது. 57 சிறு வாசிப்புகள் நடந்த ஒரு நொடியில் பல்லாயிரம் வாசிப்புகள் நடக்கின்றன. 2011ஆம் ஆண்டு மடிக்கணினிகள் சிலவற்றின் சாட்டா இணைப்பு நொடிக்கு 300 எம்பி அளவோடு நின்றுவிடுவது இங்குத் தடையாவதில்லை. வேண்டியிருந்தது அகலமான வாய்க்கால் அன்று, அலைச்சலற்ற மடை. இரண்டரை அங்குல வன்தட்டு இருந்த அதே இடத்தில், சில திருகுகளைக் கழற்றி, இதைப் பொருத்திவிடலாம். இயன்றால் நினைவகத்தையும் 4 ஜிபியாக்கினால் இடமாற்றுச் சுமை பெருமளவு குறையும். எஸ்.எஸ்.டி.யும் முற்றிலும் குறையற்றதன்று: எழுதிய இடத்தின்மேல் நேரடியாக மறுபடி எழுத அதனால் இயலாது, பெருந்தொகுதியாக அழித்த பிறகே எழுதவேண்டும் என்பதால், முழுவதும் நிரம்பிய மலிவான எஸ்.எஸ்.டி. எழுதுவதில் திணறும். சிதறலைச் சீர்செய்யும் பணி அதற்குத் தேவையும் இல்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்த புதிய மடிக்கணினித் திட்டத்துக்காக எல்காட் கோரிய கருவியில் 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் குறிக்கப்பட்டிருந்தன, கொள்ளளவு முன்னையதினும் குறைந்து, சுழலும் தட்டு இடம்பெறாமல் போனதைக் கவனிக்கவேண்டும்.

பழைய மடிக்கணினியை வைத்திருப்போர் எஸ்.எஸ்.டி. வாங்கும் முன்பே, ஃபார்மேட் செய்யும் முன்பே, முடிக்கவேண்டிய பணி ஒன்று உண்டு. அந்த 320 ஜிபி தட்டுகளில் பலவற்றில், வேறெங்கும் படியெடுக்கப்படாத திருமணப் படங்களும், மறைந்துபோன பெரியவர்களின் குரல்களும், ஸ்கேன் செய்த பட்டாவும் மதிப்பெண் சான்றிதழும் இருக்கின்றன. மெதுவாகவேனும் வாசிக்கும் தட்டிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். வாசிப்பதை நிறுத்திய தட்டிலிருந்து எடுப்பது பெருஞ்செலவு, பலநேரம் இயலாததும் ஆகும். ஆகவே இன்று இரவே கணினியைத் தொடங்கி, அந்த வட்டம் சுற்றி முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்து, அவற்றை வேறொரு சேமிப்பகத்தில் படியெடுத்துவிடுங்கள்.